மீன்கொத்திக் காசுக்கு ஒரு செம்பு மோர்

சத்தியம்! அடித்துச் சொல்கிறேன், அத்தனையும் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இந்த நிமிஷமே உதிரட்டும்.

பார்த்தீர்களா? உதிரவில்லை. அப்படியானால் கேளுங்கள்.

“எல்லாம் கிடைச்சாச்சு அம்மை. ஒண்ணே ஒண்ணுதான் கிடைக்கல. அதனால எதுவுமே கிடைக்காத மாதிரி இருக்கு.”

சொன்னவர் நல்லபெருமாள். உப்பு வியாபாரி. அறுபதைத் தாண்டியவர். கடலோரம் முழுக்க அவருடைய உப்பளம்தான்.

கேட்டவள் கொடுக்காப்புளி அம்மை. அவருக்கு இருபது வயது இளையவள். ஊருக்கு வெளியே ஒரு கொடுக்காப்புளி மரத்தடியில் இருந்தாள். மரம் கொடுப்பதைத் தின்றாள். விதையைத் துப்பினாள். அவள் செய்த தவம் அவ்வளவுதான். ஆனாலும் பெரிய பெரிய பண்டிதர்களெல்லாம் அந்த மரத்தடிக்கு வந்து, வாயடைத்துத் திரும்பிப் போனார்கள்.

“என்ன கிடைக்கல அண்ணாச்சி?”

“அரைக்காசு. மீன்கொத்தி ராஜாவோட அரைக்காசு.”

மீன்கொத்தி ராஜாவை உங்களுக்குத் தெரிந்திருக்காது. உங்கள் மேல் குற்றமில்லை. அவன் பேரரசு மூன்று மழைக்காலம்தான் இருந்தது.

குதிரைக்கு லாடம் வாங்க வந்தவன், கோட்டை திறந்து கிடந்ததைப் பார்த்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான். அவன் ஈட்டி முனையில் ஒரு மீன்கொத்தி வந்து அமர்ந்ததாம். அதையே கொடியாக்கினான். கோட்டைக்குக் கதவு போடுவதற்கு முன்னால் காசு அடித்தான். பட்டம் சூட்டியதற்கு ஒரு காசு. யானைக்குக் கல்யாணம் செய்து வைத்ததற்கு ஒரு காசு. மழை பெய்ததற்கு ஒன்று, மழை விட்டதற்கு ஒன்று. எல்லாம் கலப்பில்லாத வெள்ளி. ஒன்றைச் சுண்டிவிட்டால் அந்தச் சத்தம் அடங்குவதற்குள் நிதானமாக ஒரு வெற்றிலை போட்டு முடித்துவிடலாம்.

நாலாவது மழையில் ஊர்வலம் போனான். நனைந்த உடம்பு. யானை மேலிருந்து தும்மினான். விழுந்தான். பேரரசும் கூடவே விழுந்தது.

அடுத்து வந்த ராஜா தண்டோரா போட்டான். மீன்கொத்திக் காசு வைத்திருப்பவனுக்குக் கட்டைவிரல் போகும் என்று. ஒரே வாரத்தில் ஊரிலிருந்த காசெல்லாம் கொலுசாயிற்று, அரைஞாணாயிற்று, பால்சங்காயிற்று. அந்த ராஜாவும் போனான். அவன் பிள்ளையும் போனான். இப்போது கட்டைவிரலுக்குப் பயமில்லை. காசுதான் செல்லாது.

நல்லபெருமாள் மடியிலிருந்து ஒரு சந்தனப் பெட்டியை எடுத்தார். திறந்தார்.

உள்ளே பஞ்சு மெத்தை. மெத்தையில் குழி குழியாக இருக்கை. ஒவ்வொரு குழியிலும் ஒரு காசு, தொட்டில் பிள்ளை மாதிரி. ஒரு குழி மட்டும் காலி.

“இது காற்காசு அம்மை. பாருங்க, வெறும் மீன். இது முழுக்காசு. மீன்கொத்தி அலகுல மீனோட இருக்கு. ஒரு உப்பளத்தையே எழுதிக் கொடுத்து வாங்கினேன்.”

“நடுவுல?”

“நடுவுலதான் அரைக்காசு. மீன்கொத்தி தலைகீழாப் பாயும். அதைத்தான் காணோம்.”

அம்மை ஒரு விதையைத் துப்பினாள்.

“பார்த்திருக்கீங்களா?”

நல்லபெருமாள் பெட்டியை மடியில் இறக்கி வைத்தார்.

“எங்கப்பா முரசடிக்கிறவர். யானைக்கு முன்னால போவார். எனக்கு அப்போ பால்பல் விழுந்துக்கிட்டிருந்த வயசு. ஒருநாள் ராஜா அவருக்கு ஒரு அரைக்காசு போட்டார். அதைக் கொண்டுவந்து என் கையில வச்சு மூடினார். ‘இன்னிக்கு நாம ராஜா வீட்டு ஆளுங்கடா’ன்னார். மூடின கையோட தூங்கினேன். காலையில திறந்தா உள்ளங்கையில பறவை பதிஞ்சிருக்கு. இறக்கை, அலகு, எல்லாம்.”

“காசு?”

“எங்கம்மா வாங்கிட்டுப் போய்க் கம்பு வாங்கிட்டா. மத்தியானத்துக்குள்ள கையில இருந்த பறவையும் போயிருச்சு.”

அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். இப்போதும் அங்கே ஏதாவது இருக்கலாம் என்பது போல.

“இருபது வருஷமாத் தேடுறேன். பெட்டியை மூடினா அந்தக் காலிக் குழிதான் கண்ணுக்குள்ள நிக்குது. கண்ணை மூடறதுக்குள்ள அதை நிரப்பிடணும். எங்க கிடைக்கும்னு நீங்கதான் சொல்லணும்.”

அம்மை பெட்டிக்குள் கையை விட்டாள். முழுக்காசை எடுத்தாள். நல்லபெருமாள் அதைப் பிடிக்கக் கை நீட்டினார்.

அவள் அதை அவர் கையிலேயே வைத்தாள்.

“தாகமா இருக்கு. இதைக் கொடுத்து ஒரு செம்பு மோர் வாங்கிட்டு வாங்க. அப்புறம் சொல்றேன்.”

“அம்மை, இது செல்லாத காசு!”

“செல்ற இடத்துல வாங்குங்க.”

சந்தையில் மோர்க்காரி காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதென்ன அண்ணாச்சி, குருவிக் காசு?”

“குருவி இல்ல தாயி. மீன்கொத்தி.”

“மீன்கொத்திக்கு மீன்காரிகிட்டப் போங்க. என்கிட்ட மனுஷத்தலை போட்ட காசுக்குத்தான் மோர்.”

பக்கத்துக் கடைகளில் சிரித்தார்கள். ‘உப்பு அண்ணாச்சிக்கு உப்பு தலைக்கேறிருச்சு’ என்றான் ஒரு வெற்றிலைக்காரன்.

நல்லபெருமாள் சுற்றுமுற்றும் பார்த்தார். இடுப்பு முடிச்சிலிருந்து இந்த ராஜாவின் காசு ஒன்றை எடுத்தார். மோர் வாங்கினார். மரத்தடிக்கு வந்தார்.

அம்மை ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

“இது இப்போ இருக்கிற ராஜாவோட மோர்.”

எப்படிக் கண்டுபிடித்தாள் என்று என்னைக் கேட்காதீர்கள். அண்ணாச்சி இடுப்பில் முழுக்காசு புடைத்துக்கொண்டு நின்றதை அவள் பார்த்துவிட்டாள் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் பொறாமை பிடித்தவர்கள்.

மறுநாள் நல்லபெருமாள் ஆசாரியிடம் போனார். ஆசாரி காசைக் கையில் தூக்கி எடை பார்த்தார். கண் விரிந்தது.

“நல்ல வெள்ளி! எடைக்கு எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி. என் மக கொலுசுக்கு இது போதும்.”

நல்லபெருமாள் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தார். கிடைத்த பணத்தில் மோர் வாங்கினார். நாலு எட்டு வைத்தார். செம்போடு திரும்பி ஓடினார்.

ஆசாரி வெள்ளி உருக்கும் குகையை அடுப்பில் ஏற்றிவிட்டார். காசைக் குறட்டில் பிடித்திருந்தார்.

“போடாதீரும்! போடாதீரும்! ரெண்டு மடங்கு தாரேன்!”

ரெண்டு மடங்கு கொடுத்துக் காசை மீட்டார். பாதி சிந்திப்போன மோரோடு மரத்தடிக்கு வந்தார்.

அம்மை குடிக்கவே இல்லை. மரத்தின் வேரில் ஊற்றினாள்.

“இது வெள்ளி கொடுத்து வாங்கின மோர். நான் காசு கொடுத்து வாங்கின மோர் கேட்டேன்.”

“காசு எங்க செல்லும்? எங்கதான் செல்லும்? அந்த ஊரே இப்போ இல்லையே அம்மை!”

அம்மை வாயிலிருந்ததை மென்று முடித்தாள். விதையைத் துப்பினாள்.

விதை மேற்கே போய் விழுந்தது.

மேற்கே மலை. மலையில் ஒரு கணவாய். மீன்கொத்தி ராஜா காலத்தில் உப்புக் கழுதைகள் அந்த வழியாகத்தான் போகும். பிறகு தெற்கே சமமான பாதை வந்துவிட்டது. இப்போது அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவர்களைத் தவிர யாரும் போவதில்லை.

நல்லபெருமாள் மலையைப் பார்த்தார். அம்மையைப் பார்த்தார். அம்மை அடுத்த சுளையை உரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். காலிச் செம்பை எடுத்துக்கொண்டார்.

ஏறினார். வண்டி போகிற வழி இல்லை. கழுதை போகிற வழியும் இப்போது இல்லை. முள்ளுக்கும் பாறைக்கும் நடுவே பழைய பாதை ஒரு வகிடு மாதிரி தெரிந்தது. உப்பு விற்றே வாழ்ந்த மனிதர், அன்றைக்குத்தான் தன் உப்பு தன் கண்ணில் இறங்குவதைக் கண்டார்.

கணவாய் உச்சியில் பாதைக்குக் குறுக்கே ஒரு மூங்கில் கிடந்தது. பக்கத்தில் ஒரு குடிசை. குடிசை வாசலில் ஒரு பலகை. பலகையில் நீலம் வெளுத்துப்போன ஒரு பறவை.

“நில்லு! சுங்கம்!”

குடிசைக்குள்ளிருந்து ஒருவர் வந்தார். எழுபதுக்கு மேலிருக்கும். பனைமரம் போல் நிமிர்ந்த உடம்பு. கையில் கம்பு.

“என்ன சரக்கு?”

“சரக்கு ஒண்ணுமில்ல.”

“அப்போ சுங்கமும் இல்ல. போகலாம்.”

அவரே மூங்கிலைத் தூக்கினார். பேர் பலவேசம். சுங்கச்சாவடிக் காவல்காரர். இதெல்லாம் அவரே சொன்னது. பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார் போலிருந்தது.

“மோர் கிடைக்குமா அண்ணே?”

“கிடைக்கும் தம்பி. ஏத்தத்துல வாரவனுக்குச் செம்பு அரைக்காசு. எறக்கத்துல காற்காசு. தாகத்துக்குத் தக்கபடி விலை. பேரரசர் வச்ச ஏற்பாடு.”

அறுபது வயதில் யாரோ தம்பி என்கிறார்கள். நல்லபெருமாளுக்குக் கால்வலி பாதி போயிற்று.

பழக்கதோஷம். கை இந்த ராஜாவின் காசையே எடுத்து நீட்டிவிட்டது.

பலவேசம் அதைப் பார்த்தார். சுண்டினார். அது ‘டொக்’ என்றது.

“கள்ளக்காசு!”

விட்டெறிந்தார். அது பள்ளத்தில் உருண்டு போனது.

“யாரு தம்பி உனக்கு இதைத் தந்தது? ஆடு மேய்க்கிற பயலுகளும் அப்பப்போ இந்தத் தலைக்காசைக் கொண்டுவாரானுக. காசில்லன்னு சொல்லு, மோர் சும்மா தாரேன். கள்ளக்காசு கொடுத்தா ஒரு சொட்டு கிடையாது.”

“அண்ணே, இது இப்போ நாட்டுல…”

நல்லபெருமாள் நிறுத்திக்கொண்டார். வாசல் பலகையைப் பார்த்தார். பலவேசத்தின் முகத்தைப் பார்த்தார்.

மீன்கொத்தி ராஜா போய்ச் சேர்ந்ததை ஆடு மேய்க்கிறவர்கள் ஏன் இவரிடம் சொல்லவில்லை என்று அவருக்குப் புரிந்தது. சொன்னால் மோர் கிடைக்காதே!

அவர் இடுப்பு முடிச்சை அவிழ்த்தார். முழுக்காசை எடுத்தார்.

பலவேசம் அதை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாசலில் பதித்திருந்த கல்லின் மேல் சுண்டிவிட்டார்.

காசு பாடியது.

மலையே சற்றுக் கேட்டுக்கொண்டிருந்தது. சத்தம் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போகும்வரை இருவரும் நின்றார்கள். இருபது வருஷம் பஞ்சில் படுக்க வைத்திருந்தாரே, அந்தச் சத்தத்தை நல்லபெருமாள் ஒருநாளும் கேட்டதில்லை.

பலவேசம் காசை வெயிலில் பிடித்தார். புருவம் உயர்ந்தது.

“தேயவே இல்லையே. ஒரு கைபட்ட அழுக்குக்கூட இல்ல. அச்சுலேருந்து நேரா வந்த மாதிரி இருக்கு.”

அவர் குரல் மாறியது. தம்பி போய்விட்டது.

“கஜானாக் காசு. அப்போ நீங்க… அரண்மனையிலேருந்து வாரீங்களா?”

நல்லபெருமாள் வாயைத் திறக்குமுன் அவர் உள்ளே ஓடினார். அடுப்புக்கல்லைப் புரட்டினார். மண்ணைத் தோண்டி ஒரு பானையைத் தூக்கிவந்து வெளியே வைத்தார்.

“பேரரசர் தன் வாயால சொன்னார். ‘பலவேசம், வசூலைப் பத்திரமா வையி, ஆள் அனுப்புறேன், அதுவரைக்கும் இடத்தை விட்டு நகராதே’ன்னார். நகரல. ஒத்தைக் காசு எடுக்கல. பாருங்க.”

மூடியைத் திறந்தார்.

மீன்கொத்தி.

பானை முழுக்க மீன்கொத்தி. மீனோடு நிற்கும் மீன்கொத்தி. மீனைத் தேடிப் பாயும் மீன்கொத்தி, ஒன்றன் மேல் ஒன்றாக, தலைகீழாக, கை கையாக அள்ளலாம் போல.

“கணக்கு எடுக்க வந்தவுகதானே?”

‘ஆமாம்’ என்றால் போதும். ஒரே ஒரு சொல். நல்லபெருமாளின் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுக்கொண்டு தயாராக நின்றது.

பலவேசம் அதற்குள் ஒரு தலைப்பாகையைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். சர்க்கார் தலைப்பாகை. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும். பூச்சி தின்ற ஓட்டை வழியாக நரை எட்டிப் பார்த்தது. ஒப்படைக்கிறவர் நிற்கிற மாதிரி கையைக் கட்டி நின்றார்.

கண் நல்லபெருமாளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

நல்லபெருமாள் பானையைப் பார்த்தார். தலைப்பாகையைப் பார்த்தார். மறுபடியும் பானையைப் பார்த்தார்.

“இல்ல அண்ணே,” என்றார். “தாகத்துக்கு வந்தேன்.”

பலவேசம் கட்டியிருந்த கையை இறக்கினார். பிறகு தலைப்பாகையை அவிழ்த்து மடித்தார். அந்த முகத்தில் இருந்தது ஏமாற்றமா நிம்மதியா என்று சொல்வதற்கில்லை.

“அப்போ ஆள் இன்னும் வரல.”

“வரல.”

“சரி. உக்காரு தம்பி.”

தம்பி திரும்பி வந்துவிட்டது.

மோர் கடைந்துகொண்டே கேட்டார்.

“பட்டணத்துக்காரன்தானே? பேரரசர் சௌக்கியமா?”

நல்லபெருமாளின் கண்ணுக்குள் ஒரு மழை பெய்தது. சேறு. யானை. கீழே கிடந்த குடை. முரசை நிறுத்திவிட்டு ஓடிய அப்பா.

அவர் ஏதோ சொன்னார். பலவேசம் “அடடா” என்றார். பிறகு “நல்லது, நல்லது” என்றார்.

“யானைக்கு நெத்தியில மஞ்சள் பூசுவாங்களே, இப்பவும் உண்டா?”

“மஞ்சளும் உண்டு. நடுவுல நீலப்பொட்டும் உண்டு.”

“முரசு?”

“யானைக்கு முன்னால போகும்.”

“எப்படி அடிப்பாங்க? காது மறந்துபோச்சு தம்பி.”

நல்லபெருமாள் காலிக் குடம் ஒன்றைக் கவிழ்த்து மடியில் வைத்தார். ஐம்பது வருஷமாகத் தொடாத ஒன்றைத் தொட்டார்.

தடும். தடும். தகதடும்.

கைக்கு மறக்கவில்லை. அப்பா தோளைக் குலுக்கி அடிக்கிற அடி, யானை கால் மாற்றும்போது ஒரு துளி தாமதிக்கிற அந்த அடி, அது முதற்கொண்டு வந்தது.

தடும். தடும். தகதடும்.

பலவேசம் மத்தைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். ராஜா போகிறார் என்றால் நிற்கத்தானே வேண்டும்! இரண்டு பேரும் ஆளில்லாத பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யானை போய் முடியும்வரை.

அதன் பிறகுதான் மோர். இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்ட மோர். நல்லபெருமாள் கொண்டுவந்த செம்பில் ஊற்றிக் கொடுத்தார்.

“இந்தா, மிச்சம்.”

பானைக்குள் கைவிட்டு ஒரு அரைக்காசை எடுத்து அவர் கையில் வைத்தார். கூடவே மடியிலிருந்து ஒரு சின்னத் துணிமுடிச்சையும் வைத்தார். அது என்ன, எதற்கு என்று காதோடு சொன்னார்.

முழுக்காசைப் பானைக்குள் போட்டார். அது மற்றக் காசுகளின் மேல் விழுந்து கலீரென்றது. மூடியை மூடினார்.

இறக்கத்தில் நல்லபெருமாள் ஒரு கையில் செம்பைப் பிடித்திருந்தார். மற்றக் கை மூடியிருந்தது. எங்கேயும் திறக்கவில்லை. ஒரு இடத்தில் சறுக்கி விழப்போனார். அப்போதும் பாறையைப் பிடிக்கவில்லை. மோரும் சிந்தவில்லை. இது எப்படி என்று கேட்பவன் அந்த மலையில் ஏறிப் பார்க்காதவன்.

அடிவாரத்தில் உட்கார்ந்தார். கையைத் திறந்தார்.

காசை மெல்ல எடுத்தார்.

சுருக்கம் விழுந்த உள்ளங்கையில், ரேகைகளுக்கு நடுவே, இறக்கை. அலகு. தலைகீழாக.

அது மறையும்வரை அங்கேயே இருந்தார்.

மரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது மோர் புளித்திருந்தது. அம்மை ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். செம்பு காலியாகும்வரை கீழே வைக்கவில்லை.

“இது மோர்.”

நல்லபெருமாள் பெட்டியைத் திறந்தார். காலியாக இருந்த குழியில் அரைக்காசை வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. பக்கத்தில் முழுக்காசு இருந்த குழி இப்போது காலி.

“ஒண்ணு வந்தா ஒண்ணு போயிருது அம்மை.”

“அவர்கிட்ட இந்த ஒரு அரைக்காசுதான் இருந்துச்சா?”

“பானை நிறைய இருந்துச்சு.”

“பானை நிறைய!”

“ஆமா.”

“நீங்க ஒண்ணுதானே கொண்டுவந்தீங்க?”

“நான் கொடுத்ததுக்கு மிச்சம் அவ்வளவுதான் வரணும்.”

அம்மை அவரைப் பார்த்தாள். முதல் தடவையாக விதையைத் துப்பாமல் விழுங்கிவிட்டாள் என்று சொல்வார்கள்.

“ராஜா எப்படி இருக்கார்னு கேட்டிருப்பாரே?”

“கேட்டார்.”

“என்ன சொன்னீங்க?”

நல்லபெருமாள் தரையைப் பார்த்தார்.

“மழையில நனைஞ்சுட்டார், கொஞ்சம் ஜலதோஷம், தும்மிக்கிட்டிருக்கார்னேன். இப்போ தேவலைன்னேன்.”

அம்மை சிரிக்கவில்லை.

“அதுக்கு அவர்?”

நல்லபெருமாள் இடுப்பிலிருந்து அந்தத் துணிமுடிச்சை எடுத்தார். அவிழ்த்தார். உள்ளே கட்டைவிரல் அளவு ஒரு சுக்குத்துண்டு.

“‘அவருக்கு அப்பவே இந்தத் தும்மல் உண்டு தம்பி. மலைச் சுக்கு, தட்டிப்போட்டுக் குடிக்கச் சொல்லு. பலவேசம் தந்தான்னு சொல்லிக் கையில கொடு’ன்னார்.”

அவர் சுக்கை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

“சரின்னு வாங்கிட்டேன். இதை நான் யார்கிட்டக் கொண்டுபோய்க் கொடுக்க அம்மை?”

அம்மை கை நீட்டினாள். சுக்கை வாங்கினாள். மூக்கருகே கொண்டுபோய் ஒரு தடவை மோந்தாள்.

பிறகு முழுக்காசு இருந்த குழியில் அதை வைத்தாள். பஞ்சை இழுத்துச் சுற்றிலும் ஒதுக்கிவிட்டாள்.

“மூடுங்க அண்ணாச்சி. காத்துப் பட்டா வாசம் போயிரும்.”

அவ்வளவுதான். மூன்று பல்லும் இருக்கிறதா, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். எவனாவது ஒரு அவசரக்குடுக்கை மலையேறிப் போய் உண்மையைப் போட்டு உடைத்தால், ‘உனக்கு யாரப்பா சொன்னது?’ என்றுதான் பலவேசம் முதலில் கேட்பார். என் பெயர் அங்கே அடிபட வேண்டாம். அந்தச் சாவடியில் எனக்கு இன்னும் ஒரு செம்பு மோர் பாக்கி இருக்கிறது.